முதலில் எந்த மூட்டையை இறக்குவது?

எங்கள் மாட்டுப்பட்டியின் மூலையில் டி.எஸ்.பி. என்கிற பொஸ்பரஸ் பசளை மூட்டை ஒன்று பிரிக்காமலே கிடக்கிறது. 2022 இல் பசளை விலை உச்சத்தில் இருந்தபோது கடன் சொல்லி வாங்கியது. அம்மா அதன் மேல் புண்ணாக்குச் சாக்கை வைப்பார், மழையில் நனைந்த படங்கைக் காயப்போடுவார். வீட்டுக்கு வருகிற மரக்கறித் தோட்டக்காரர்களின் கண்ணில் அதுதான் முதலில் படும். "அவ்வளவு காசு குடுத்து வாங்கினத போடாம வச்சிருக்கியே" என்பார்கள். போடத் தேவை வரவில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவர்களுக்கு நின்ற நிலையில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது நுவரெலியா மாவட்டத்தில் கந்தப்பளைக்கு மேலே. 6,000 அடிக்கும் உயரமான இடம். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். பத்து வருடம் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தேன். 2020 மார்ச்சில் கடை பூட்டி, ஊரடங்கு வந்து, கையில் ஒரு பையோடு தேயிலைத் தோட்டத்து லயத்துக்குத் திரும்பினேன். மாமா அப்போது அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்துகொண்டிருந்தார். முழங்கால் வலி அவரைப் படுத்தியது. "நீ இறங்கு மாப்ள, நான் மேலே உட்கார்ந்து சொல்றேன்" என்றார். அப்படித்தான் மண்வெட்டி பிடித்தேன்.

நிலம் ஆறு தட்டாக மலையில் ஏறும். கீழ்த்தட்டு ரோட்டை ஒட்டி. ஆறாம் தட்டுக்குப் போக வேண்டுமானால் மூச்சு வாங்கும். கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், இடையில் உருளைக்கிழங்கு. மாமாவின் பசளைக் கணக்கு அவர் நாக்கு நுனியிலேயே இருக்கும். அரை ஏக்கர் கரட்டுக்கு லொறியில் மூன்று தொன் கோழி எரு. அதற்கு மேல் யூரியா இரண்டு மூட்டை, டி.எஸ்.பி. இரண்டு மூட்டை, பொட்டாசியப் பசளையான எம்.ஓ.பி. இரண்டு மூட்டை. "மலை மண்ணுக்கு நிறையப் போடணும். இல்லேன்னா மழை வாங்கிட்டுப் போயிரும்" என்பார். மாமாவை நான் குறை சொல்லவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு மூன்று வருடம் ஆனது.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை எருவுக்கு, பத்து வருடத்தில் படிப்படியாக மாறுவோம் என்று 2019 தேர்தல் காலத்தில் சொல்லப்பட்ட விஷயம், ஒரே வர்த்தமானி அறிவித்தலில் முடிந்துபோனது. கடையில் இருந்த மூட்டைகள் இரண்டு கிழமையில் மறைந்தன. எங்கள் கரட் அப்போது ஒரு சாண் கூட வளரவில்லை. பயந்துபோய் ஒருவரிடம் ஒரு லொறி கூட்டெரு, அதாவது உக்கவைத்த குப்பை எரு, வாங்கினோம். கொட்டியபோதே வயிறு கலங்கியது. பொலித்தீன் துண்டு, போத்தல் ஓடு, மரத்தூள், பாதி கூட உக்காத குச்சிகள். வேறு வழியில்லாமல் அதைத்தான் போட்டோம். இரண்டு கிழமையில் கரட் இலை மஞ்சளாகத் தொடங்கியது.

ஏன் அப்படி ஆனது என்று அப்போது புரியவில்லை. உக்காத மரத்தூளை மண்ணில் கலந்தால், அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு நைதரசன் வேண்டும். அந்தக் குப்பையில் அது போதுமான அளவு இருக்காது. அப்புறம் எங்கே போவது? பயிருக்கென்று மண்ணில் இருந்ததைத்தான் எடுத்துக்கொள்ளும். பசளை என்று நம்பி நாங்கள் போட்டது, இருந்த பசளையையும் பறித்துவிட்டது. அந்தப் போகத்தில் கடனை அடைக்க அம்மாவின் காதுத் தோடு அடகுக்குப் போனது.

தடை 2021 நவம்பர் கடைசியில் நீங்கியது. ஆனால் மூட்டை திரும்பி வந்தபோது பழைய விலையில் வரவில்லை. தடைக்கு முன் மானியத்தோடு 1,500 ரூபாய்க்கு வாங்கிய யூரியா மூட்டை, 2022 நடுவில் 30,000 ரூபாயைத் தாண்டியது. நான் சொன்ன அந்த டி.எஸ்.பி. மூட்டையும் அந்த நாட்களில் வாங்கியதுதான். கிடைக்கும்போதே வாங்கிவிட வேண்டும் என்ற பயம்.

அந்த வருடத்திலிருந்து எங்கள் பக்கம் 'சேதனம்' என்ற சொல்லைக் கேட்டாலே ஆட்களுக்குக் கோபம் வருகிறது. அது நியாயமான கோபம். ஆனாலும் எனக்கு அது மனவருத்தமான விஷயம். மாட்டெருவும் குப்பையும் இந்த மலைக்கு யாரும் புதிதாகக் கொண்டு வந்தவை இல்லை. 1848 இல் நுவரெலியாவில் பண்ணை போட்ட சாமுவேல் பேக்கர் காலத்திலேயே, எரு போடாமல் இந்த மண்ணில் மரக்கறி விளையாது என்று தெரிந்திருந்தது. லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போட்ட நம் பாட்டிமார் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த நல்ல பழக்கத்தின் பெயர் ஒரே வருடத்தில் கெட்டுப்போனது.

சரி, மண் பரிசோதனைக்கு வருகிறேன்.

2022 கடைசியில் எங்கள் பகுதிக்குப் புதிதாக ஒரு விவசாயப் போதனாசிரியை வந்தார். எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். பசளை விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டு போன என்னிடம், "மண்ணைப் பரிசோதிச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். மாமா இருபது வருடமாக அந்த நிலத்தைச் செய்கிறார். ஒரு தடவையும் பார்த்ததில்லை. மிஸ் சொன்னபடி நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பதினைந்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுத்தேன். எல்லாவற்றையும் ஒரு வாளியில் கலந்து, நிழலில் காயவைத்து, அரைக் கிலோ அளவில் ஒரு பையில் கட்டிக் கொடுத்தேன். விவசாயத் திணைக்களத்தின் ஆய்வுகூடத்துக்குப் போய் முடிவு வந்தது.

மண்ணின் பி.எச். 4.9. நல்ல புளிப்பு மண். சேதனப் பொருள் குறைவு. பொட்டாசியம் நடுத்தரம். பொஸ்பரஸ் என்ற இடத்தில் மட்டும் 'மிக அதிகம்' என்று எழுதியிருந்தது.

மிஸ் அந்தத் தாளை மேசையில் வைத்து விரலால் தட்டினார். "உங்களுக்கு டி.எஸ்.பி. இப்ப தேவையே இல்ல. இன்னும் சில போகத்துக்கு விளையிறதுக்குப் போதுமான பொஸ்பரஸ் உங்க மண்ணுலயே கிடக்கு." மூட்டை வாங்கிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு நாக்கு வறண்டது.

எங்கள் நிலம் மட்டும் அப்படி இல்லை. நுவரெலியாப் பக்கம் நெடுங்காலமாக மரக்கறி செய்யும் மண்களில் பொஸ்பரஸ் அளவுக்கு மேல் சேர்ந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள். காரணம் புரிந்தால் மாமாவின் பாதி உண்மையும் புரியும். நம்முடைய சிவப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதிகம். புளிப்பு மண்ணில் அவை பொஸ்பரஸைப் பிடித்துப் பூட்டி வைத்துக்கொள்ளும். அதனால் ஆரம்ப காலத்தில் நிறையப் போட்டால்தான் பயிருக்குக் கொஞ்சம் கிடைத்தது. அந்தக் காலத்துக்கு மாமாவின் கணக்கு சரி. ஆனால் வருடா வருடம் போட்டுப் போட்டு, பூட்டுகிற இடமெல்லாம் பெரும்பாலும் நிரம்பிவிட்டது. நிரம்பிய பிறகும் நாம் அதே அளவைக் கொட்டுகிறோம்.

இதில் கோழி எருவின் பங்கை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்த ஒரு கணக்கை எல்லாரும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். டி.எஸ்.பி. மூட்டையில் நூற்றுக்கு 46 பங்கு பொஸ்பரஸ் சத்து என்று அச்சிட்டிருக்கும். 50 கிலோ மூட்டைக்கு 23 கிலோ. நன்றாகக் காய்ந்த கோழி எருவில், மூட்டையில் போடும் அதே கணக்குப்படி, தொன்னுக்கு 20 முதல் 30 கிலோ வரை பொஸ்பரஸ் சத்து இருக்கும். அப்படியானால் ஒரு தொன் கோழி எரு கிட்டத்தட்ட ஒரு மூட்டை டி.எஸ்.பி.க்குச் சமம். மூன்று தொன் எரு இறக்கிய மாமா, மூன்று மூட்டை டி.எஸ்.பி.யை ஏற்கெனவே போட்டுவிட்டார். அதற்கு மேல் இரண்டு மூட்டையைக் காசு கொடுத்து வாங்கிக் கொட்டினார். கரட்டோ லீக்ஸோ, நைதரசனையும் பொட்டாசியத்தையும் எடுக்கிற அளவுக்குப் பொஸ்பரஸை எடுப்பதில்லை. மீதி எங்கே போகும்? மண்ணிலேயே இருக்கும். அளவு கூடினால் நாகச்சத்தை, அதாவது சிங்க்கை, பயிருக்குக் கிடைக்கவிடாது. பெருமழையில் மண் அரிக்கும்போது மண்ணோடு சேர்ந்து ஓடையில் இறங்கும். நுவரெலியாத் தண்ணீர் நானுஓயா வழியாகக் கொத்மலைக்குப் போய்ச் சேர்கிறது. 1990களின் தொடக்கத்தில் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி படர்ந்ததும், நுவரெலியா நகரத்துக் கிரகரி ஏரி அடிக்கடி பச்சையாகி நாறுவதும் தனித்தனிக் கதைகள் இல்லை. ஏரிக்குள் நகரத்துக் கழிவும் வருகிறது என்பது உண்மைதான். அதற்காக நம் பங்கை மறைக்க முடியாது.

ஆகவே சேதனப் பசளைக்கு மாற நினைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, டி.எஸ்.பி. மூட்டையைத் தோளிலிருந்து இறக்குங்கள் என்பதுதான். மண் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இறக்குங்கள். யூரியாவை அப்புறம் பார்க்கலாம்.

யூரியா விஷயத்தில் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. ஒரு ஆள் அதைத் தலையில் வைத்து ஆறாம் தட்டுக்கு ஏற்றிவிடுவார். ஈரத்தோடு தூக்குகிற கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். அதே 23 கிலோவுக்கு 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். சாக்குக்கு 25 கிலோ பிடித்தால் 92 சாக்கு. 92 தடவை மலை ஏறினாலும், அந்த நைதரசனில் ஒரு சிறு பங்குதான் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைக்கும். மீதி மெல்ல மெல்ல வரும். அதிலும் நம் ஊர்க் குளிர் வேறு. எருவை உடைத்துச் சத்தை வெளியே விடுவது நுண்ணுயிர்கள். வெயில் ஊரில் அவை ஓடியாடி வேலை செய்யும். இங்கே வருடச் சராசரி வெப்பம் 16 பாகைதான். நம்மைப் போலவே அவையும் சுருண்டு படுத்துவிடும். நாற்று வேர் விடுகிற நேரத்தில் நைதரசன் வந்து சேராது. வெயில் ஊரான தம்புள்ளையில் சரிவந்ததைக் கந்தப்பளையில் அப்படியே செய்ய முடியாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். இந்தக் குளிரில், இந்தச் சரிவில், மரக்கறி விற்றுப் பிழைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் யூரியா வேண்டும். எவ்வளவு கொஞ்சம் என்பதுதான் கேள்வி.

அதைப் பார்க்க 2023 பெரும்போகத்தில் ஆறு தட்டையும் மூன்றாகப் பிரித்தேன். ஒன்றாம், இரண்டாம் தட்டில் மாமாவின் பழைய அளவு. மூன்றாம், நாலாம் தட்டில் டி.எஸ்.பி. இல்லை, யூரியா பாதி, எம்.ஓ.பி. முக்கால், கூடவே கூட்டெருவும் உக்கவைத்த கோழி எருவும். ஐந்தாம், ஆறாம் தட்டில் சேதனம் மட்டும். எல்லாத் தட்டிலும் கரட். எடுத்த அன்றே தராசில் போட்டு எழுதினேன். பழைய அளவு போட்ட தட்டில் 100 கிலோ வந்தது என்று வைத்துக்கொண்டால், பாதிப் பாதித் தட்டில் 97 கிலோ. சேதனம் மட்டும் போட்டதில் 68. மாமா 68ஐப் பார்த்துத் தலையாட்டினார். நான் 97ஐப் பார்த்துக்கொண்டிருந்தேன். டி.எஸ்.பி. ஒரு கிலோ கூட இல்லாமல், யூரியா பாதியாக, மூன்று கிலோதான் குறைந்திருந்தது. பசளைக் கடை பில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

அடுத்த இரண்டு போகத்திலும் அதே பிரிப்பை விடாமல் செய்தேன். பாதிப் பாதித் தட்டு பழைய அளவைத் தொட்டுவிட்டது. சேதனம் மட்டும் போட்ட தட்டு 80 வரை ஏறியது. அந்தத் தட்டுகளில் மண் கிளறும் முள்ளைக் குத்தும்போது கை அறியும் வித்தியாசம் இருக்கிறது. முன்பெல்லாம் மழை விட்ட மூன்றாம் நாள் மேல்மண் ஓடு மாதிரி இறுகும். இப்போது பொலபொலவென்று இருக்கிறது. 2024 இல் ஒரு நாள் இரவு முழுக்கக் கொட்டித் தீர்த்தது. காலையில் போய்ப் பார்த்தேன். ஒன்றாம் தட்டின் பாத்தி விளிம்பு கரைந்து வாய்க்காலில் கிடந்தது. ஐந்தாம் தட்டு அப்படியே நின்றது.

கூட்டெருவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். முப்பத்து நாலு வருடம் கொழுந்து எடுத்தவர். இரண்டு மாடு வைத்திருக்கிறார். அவர் பேச்சில் கூட்டெரு என்ற சொல்லே கிடையாது, குப்பைதான். பட்டிக்குப் பின்னால் சாணிக் குவியல் எப்போதும் இருந்தது. ஆனால் அது மழைக்குத் திறந்து கிடக்கும். அதிலிருந்து கறுப்புத் தண்ணீர் கானில் ஓடும். "அந்தக் கறுப்புத் தண்ணிதான் சத்தும்மா" என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இத்தன வருசமா கானுக்குத்தான் பசளை போட்டேனா" என்றார். அன்று சாயங்காலமே பழைய பசுமைக்குடில் பொலித்தீனைத் தேடி எடுத்து மூடினோம்.

இப்போது குவியல் போடுவது இப்படி. அடியில் குச்சிகள், காற்றுப் போக. அதன் மேல் நறுக்கிய மானாப்புல் ஒரு அடுக்கு, கழித்த லீக்ஸ் இலையும் கோவா இலையும் ஒரு அடுக்கு, சாணி ஒரு அடுக்கு. இதையே திரும்பத் திரும்ப நெஞ்சளவு உயரம் வரை. குவியல் சின்னதாக இருந்தால் நம் குளிருக்குச் சூடே பிடிக்காது. நடுவில் ஒரு நீளக் கம்பைச் செருகி வைப்போம். காலையில் உருவித் தொட்டால் கை சுட வேண்டும். உள்ளே 55 பாகைக்கு மேல் பல நாள் நின்றால்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். சூடு தணிந்தால் கிளறிப் போடுவோம். பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி வருகிற ஈரம் போதும். கீழ்நாட்டில் மூன்று மாதத்தில் முடிகிற வேலை, டிசம்பரில் போட்ட குவியலுக்கு இங்கே ஐந்து மாதம் பிடித்தது.

வெலிமடைப் பக்கம் இருக்கும் சித்தப்பா மரக்கறி ஏற்ற வரும்போது கென்டர் லொறியில் காட்டுச் சூரியகாந்தி வெட்டிக்கொண்டு வருவார். ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்து யாரும் சீண்டாமல் நிற்கிற செடி. அதன் பச்சை இலையில் நைதரசனும் பொட்டாசியமும் மிக அதிகம். குவியலில் போட்டால் மறுநாளே சூடு ஏறும். பீப்பாயில் ஊறப்போட்டுத் திரவப் பசளையாகவும் எடுக்கலாம். நாற்றம் தாங்காது, ஆனால் லீக்ஸுக்கு அது மிகவும் பிடிக்கிறது. பூ விதையாகும் முன் வெட்ட வேண்டும் என்பதில் மட்டும் கவனம்.

கோழி எருவில் ஒரு பாடம் படித்தேன். குருநாகல் பக்கமிருந்து வந்த லொறி எரு, தொட்டால் ஈரம், மூக்கை எரிக்கும் நெடி. அவசரத்தில் ஒரு பாத்திக்கு அப்படியே போட்டு மறுவாரம் கரட் விதைத்தேன். தோண்டியபோது ஒவ்வொரு கரட்டும் இரண்டு கால், மூன்று கால் விரித்து, உடம்பெல்லாம் மயிர் வேரோடு வந்தது. ஒரு கிலோவையும் விற்க முடியவில்லை, மாட்டுக்குத்தான் போட்டோம். பச்சை எரு கரட்டுக்கு ஆகாது. இப்போது கோழி எரு வந்தால் புல்லோடு கலந்து குவியலாகப் போட்டு உக்கவைத்துத்தான் எடுக்கிறேன். அப்படி எடுத்ததையும் லீக்ஸுக்கோ கோவாவுக்கோ போட்டு, அடுத்த போகத்தில் அதே பாத்தியில் கரட் போடுகிறேன்.

மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடுகிற டொலமைட் கல் தூளையும் சொல்லிவிட வேண்டும். புளிப்பு மண்ணை அப்படியே வைத்துக்கொண்டு எவ்வளவு எரு போட்டாலும் பாதிதான் பிடிக்கும். யூரியா போடப் போட மண் இன்னும் புளிக்கும். டொலமைட் போட்ட கையோடு எருவோ யூரியாவோ போடாதீர்கள், நைதரசன் ஆவியாகப் போய்விடும். இரண்டு கிழமையாவது இடைவெளி வேண்டும். கோவா வேர் உருண்டை உருண்டையாக வீங்குகிற நோய் புளிப்பு மண்ணில்தான் ஆடும், டொலமைட் அதை அடக்கும். உருளைக்கிழங்குக்கோ டொலமைட் கூடினால் தோல் சொறி பிடிக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி நடுகிற நமக்கு இது கத்தி மேல் நடக்கிற வேலை. வேர் வீங்கிய கோவாவை மட்டும் எக்காரணம் கொண்டும் குப்பைக் குவியலில் போட்டுவிடாதீர்கள். அந்த நோய் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏன் எல்லாரும் செய்வதில்லை என்று கொழும்பு நண்பர்கள் கேட்கிறார்கள். சோம்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். யூரியா போட்டால் பத்தாம் நாள் பச்சை தெரியும். கூட்டெரு போட்ட பலன் முழுதாகத் தெரிய மூன்று, நாலு போகம் ஆகும். அடுத்த வருடம் இந்த நிலம் என் கையில் இருக்குமா என்று தெரியாத ஆள் எந்தத் தைரியத்தில் 92 சாக்கைச் சுமப்பார்? எங்கள் ஆட்களில் பலர் செய்வது வாய்ப்பேச்சுக் குத்தகை. தோட்டத்து நிலத்தில் லயத்தைச் சுற்றிப் போட்டிருக்கிற பாத்திகளுக்குக் காகிதமே கிடையாது. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து எங்கள் முதல் ஆட்கள் வந்து 200 வருடம் தாண்டிவிட்டது. இன்னமும் வீடு கட்ட 7 பேர்ச் கிடைப்பதே பெரிய விஷயமாக இருக்கிறது. மண்ணை வளர்க்கச் சொல்கிறவர்கள், அந்த மண்ணில் எவ்வளவு காலம் நிற்கலாம் என்றும் சொல்ல வேண்டும். எனக்கு அதிர்ஷ்டம், நிலக்காரர் நல்ல மனிதர். ஆனாலும் ஒவ்வொரு ஏப்ரலிலும் குத்தகையைப் புதுப்பிக்கப் போகும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது.

விற்பனையில் லாபம் எதிர்பார்த்து இதில் இறங்க வேண்டாம். கொஞ்சம் யூரியா போட்டாலும் அது சேதன மரக்கறி என்று விற்க முடியாது, விற்கவும் கூடாது. மொத்தச் சந்தையான பொருளாதார மத்திய நிலையத்தில் என் கரட்டுக்கும் பக்கத்து மூட்டைக்கும் ஒரே விலைதான். மிச்சமாவது பசளைக் காசு மட்டும். போன போகத்தில் அரை ஏக்கருக்குக் கூட்டெரு இரண்டு தொன், உக்கவைத்த கோழி எரு ஒரு தொன், யூரியா ஒரு மூட்டையை இரண்டாகப் பிரித்து, எம்.ஓ.பி. ஒன்றரை மூட்டை. டி.எஸ்.பி. இல்லை. பல மரக்கறிகளுக்குத் திணைக்களம் சொல்கிற சேதனப் பசளை அளவு ஹெக்டேருக்கு 10 தொன். அதாவது சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. என்னுடைய இரண்டு தொன் கூட்டெரு அந்த அளவுக்குச் சரியாக வருகிறது. சுமை கூலியைக் கணக்கில் சேர்த்தும் கையில் நிற்கிறது. சேர்ந்த காசில் அம்மாவின் தோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

இந்த மாதம் திரும்ப மண் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை ஆறு தட்டிலும் மண் எடுத்து வந்து, முதல் தடவை செய்த மாதிரியே ஒரே வாளியில் கலக்கப் போனேன். அம்மா தடுத்தார்.

"மேல்தட்டு மண்ணையும் இதோட சேக்கிறியா? ஒங்க மாமா ஒரு நாளும் கோழிச் சாணிய அதுவரைக்கும் தூக்கினதில்ல தம்பி. லொறி ரோட்டுலதானே கொட்டும். ரெண்டு மூணு தட்டு ஏத்தினதுமே ஆளுங்க போதும்னுருவாங்க. மேல யூரியா மட்டுந்தான் போகும்."

வாளியைக் கீழே வைத்துவிட்டேன். இருபது வருடமாக எரு ஏறாத தட்டை, எருவில் குளித்த தட்டோடு கலந்துதான் முதல் தடவை 'மிக அதிகம்' என்று முடிவு வாங்கியிருக்கிறேன். சேதனம் மட்டும் போட்டு 68 கிலோ வந்ததே, அது நான் போட்ட பசளையின் குறையா, மேல்தட்டு முதலிலிருந்தே பட்டினி கிடந்ததா? அந்தப் பட்டிக்குள் கிடக்கிற மூட்டை ஒருவேளை ஆறாம் தட்டுக்கு மட்டும் தேவைப்படலாம்.

ஆறு தட்டு மண்ணும் இப்போது முன்னறையில் ஆறு பத்திரிகைத் தாளில் தனித்தனியாகக் காய்கிறது. ஒவ்வொன்றிலும் அம்மா ஒரு கல்லை வைத்திருக்கிறார், எண்ணிக்கைக்கு. மிஸ் செவ்வாய்க்கிழமை கந்தோருக்கு வருவார்.